பம்பர் போனாலும் போனஸ் போகக் கூடாது

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குக் கார் ஓட்டியவன் உலகத்தில் எங்கும் ஓட்டுவான் என்பது என் மச்சானின் கொள்கை. குன்னம் தாண்டினால் எதிரே வருவதெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும்தான். அறுவடை சமயத்தில் பாதி ரோட்டில் மக்காச்சோளம் காயும். சோளத்தை மிதித்தால் பாவம், லாரிக்கு ஒதுங்கினால் கேவலம் என்று வாழ்கிறவர் மச்சான். விளைவு, புளியமரம்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்குத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. மற்ற நாட்களில் மச்சான் வண்டி எடுப்பதை வீட்டில் யாரும் விரும்புவதில்லை.

இந்த வருஷம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போனால் தொகை எகிறிவிட்டது. "இதுவரைக்கும் ஒரு ஃபைன் கட்டினதில்லைங்க நான்!" என்று ஏஜெண்டிடம் பாய்ந்தார். ஏஜெண்ட் நிதானமானவர். "ஃபைனை யாருங்க சார் பாக்கறா? க்ளெய்ம்தான் பாப்போம். மரத்துக்கு ஒண்ணு, மைல்கல்லுக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கீங்களே!"

விஷயம் அதுதான். அமெரிக்காவில் வேகமாகப் போய் மாட்டினாலே பிரீமியம் ஏறிவிடும். இங்கேயும் போக்குவரத்து மீறல்களைப் பிரீமியத்தோடு சேர்க்கலாம் என்று 2021இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் குழு ஒன்று யோசனை சொன்னது. அது முழுதாக அமலானால் மச்சான் மாட்டுவண்டிக்கு மாறிவிடுவார். இப்போதைக்கு, அடுத்தவர் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி பிரீமியத்தில் நல்ல டிரைவர், கெட்ட டிரைவர் என்ற பேதமே கிடையாது. 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணம் 3,416 ரூபாய், மகானுக்கும் மச்சானுக்கும் ஒன்றே.

அடி விழுவது சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில். முதல் வருஷம் க்ளெய்ம் இல்லையென்றால் 20 சதவீதம் போனஸாகத் தள்ளுபடி, ஐந்து வருஷம் தாண்டினால் 50. ஒரே ஒரு க்ளெய்ம், எல்லாம் பூஜ்யம். அந்தப் பிரீமியம் 8,000 ரூபாய், தள்ளுபடி 50 சதவீதம் என்று வையுங்கள். 3,000 ரூபாய் டிங்கரிங் வேலைக்குக் க்ளெய்ம் போட்டால் அதில் 1,000 நம் கையைக் கடிக்கும். அடுத்த வருஷம் 4,000 ரூபாய்த் தள்ளுபடியும் காலி. பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கிற பட்டறைக்காரரிடம் பேரம் பேசிக் கொடுத்துவிடுவதே லாபம். பெரிய இடிக்குத்தான் க்ளெய்ம். ஆக, சொந்தக் காசில் ஒடுக்கு எடுக்கிறவன் எப்படி ஓட்டினாலும் காகிதத்தில் உத்தமன்!

கோபத்தில் "பாலிசியே வேண்டாம்" என்றார் மச்சான். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம் என்றதும் உட்கார்ந்துவிட்டார். விட்டுவிட்டுப் புதுப்பிப்பது எங்களுக்குப் புதிதல்ல. அரியலூர் மாவட்டமே 2001இல் பிரிந்து, 2002இல் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் மறுபடி தனியானது. மாவட்டத்துக்கு அது சரி, காருக்குச் சரிவராது. பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸ் அத்தனையும் போய்விடும். பாலிசி முடியும் தேதியை இன்றைக்கே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.