கோந்து மட்டும் நிரபராதி

மாண்புமிகு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் பெருமக்களுக்கு,

அடுத்த நாட்டுச் சண்டையைச் சட்டம் போட்டே நிறுத்திவிடும் கலையில் உங்களை மிஞ்ச ஆளில்லை. சூடான் விஷயத்தில் நீங்கள் காட்டிய நுணுக்கத்தைப் பாராட்டி யாரும் நாலு வரி எழுதியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இம்மடல்.

1997 நவம்பரில் அதிபர் கிளிண்டன் சூடான்மீது முழு வர்த்தகத் தடை விதித்தார். பயங்கரவாதத்துக்கு ஆதரவு, அடிமைமுறை, மத உரிமை மறுப்பு என்று குற்றச்சாட்டுகள் கனமானவை. அங்கிருந்து எதையும் வாங்கக் கூடாது, அங்கே எதையும் விற்கக் கூடாது. அந்த நேரம் பார்த்துக் கோந்து குறுக்கே வந்தது. கொர்டோஃபானிலும் டார்ஃபூரிலும் வேல மரத்தின் பட்டையைக் கீறிவிட்டு, கசிந்து காய்ந்ததைச் சேகரிக்கிறார்களே, அந்த அரபுக் கோந்து. உலகச் சந்தைக்கு அதில் பெரும்பங்கு போவது சூடானிலிருந்துதான். அது இல்லையென்றால் சோடாவில் வாசனை எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். மிட்டாயின் மேல்பூச்சும் தகராறு செய்யும். நியூ ஜெர்சியில் கோந்து பதப்படுத்தும் ஆலைகள் இருந்தன. ஆலை இருக்கும் தொகுதிக்கு ஓர் உறுப்பினரும் இருப்பார் அல்லவா? கோந்துக்கு விலக்குக் கிடைத்தது. 2000-இல் நீங்களே அதைச் சட்டமாகவும் எழுதிக் கொடுத்தீர்கள். எள் குற்றவாளி, பருத்தி குற்றவாளி, கோந்து மட்டும் நிரபராதி!

அடுத்து, 2002 அக்டோபரில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட சூடான் அமைதிச் சட்டம். கார்ட்டூம் அரசு தெற்குக் கிளர்ச்சிப் படையிடம் நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தை நடத்துகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிபர் சான்றிதழ் தர வேண்டும். இல்லையென்றால் கடனுக்கு முட்டுக்கட்டை, எண்ணெய்ப் பணத்துக்குக் கிடுக்கி. 2003 ஏப்ரலில் முதல் சான்றிதழ் வந்தது: நல்லெண்ணம் இருக்கிறது. அதே மாதம் டார்ஃபூரில் எல் ஃபாஷர் விமானதளம் தாக்கப்பட்டு, இன்னொரு போர் ஊரறிய மூண்டது. அது வேறு போர் என்பதால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இந்தச் சட்டத்தின் பழைய வடிவத்தை 2001 ஜூனில் உங்கள் கீழவை 422-க்கு 2 என்று நிறைவேற்றியது. அதில் ஒரு முள் இருந்தது: சூடானில் எண்ணெய் எடுக்கும் நிறுவனங்களுக்கு அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடமில்லை. மூலதனம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிடும் என்று அப்போதைய அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் கவலைப்பட்டார். முள்ளைப் பிடுங்கிவிட்டீர்கள். கனடாவின் டாலிஸ்மன் நிறுவனம் ஏச்சுப்பேச்சு தாங்காமல் கிளம்பியபோது, சூடான் எண்ணெய்த் திட்டத்தில் அதற்கிருந்த 25 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டது எங்கள் ஓஎன்ஜிசி விதேஷ். ஆகையால் உங்களுக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை இங்கே யாருக்கும் இல்லை. பாராட்ட மட்டுமே உரிமை உண்டு.

2007-இல் அதிபர் புஷ் தடையை மேலும் இறுக்கியபோது, வாஷிங்டனிலிருந்த சூடான் தூதர் நிருபர்கள் முன்னால் ஒரு கோகோ கோலா பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். கோந்தை நிறுத்தினால் என்ன ஆகும் தெரியுமா என்று மிரட்டல் வேறு. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ உங்கள் சட்டத்தை வரிவிடாமல் படித்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது.

வர்த்தகத் தடை 2017-இல் விலகியது. 2023 ஏப்ரலிலிருந்து சூடான் ராணுவமும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படையும் மோதுகின்றன; மறுபடியும் சட்டம் எழுத உட்காருவீர்கள். ஒரு சிறு வேண்டுகோள். விலக்குப் பட்டியலை முதலில் எழுதி முடித்துவிடுங்கள். மனசாட்சியை மிச்சமிருக்கும் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். விலக்குக் கோரும் விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் கிடைக்கும், எத்தனை நகல் இணைக்க வேண்டும் என்றும் தெரிவித்தால், கொர்டோஃபானில் சோளம் விதைப்பவர்களுக்குச் சொல்லிவிடலாம். அவர்களுக்கு நியூ ஜெர்சியில் தெரிந்தவர் யாரும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் புண்ணியத்தில் தடையில்லாமல் சோடா குடித்துவரும் ஒருவன்