திருக்கை முள்ளும் பெரிய டாக்டரும்

எண்பதுகளில் எங்கள் கடலோர ஊரான ஜெகதாப்பட்டினத்தில் திருக்கை முள் குத்தினால், முதலில் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் காலை முக்கச் சொல்வார்கள். அடுத்து, பெட்டிக்கடையில் டெட்ராசைக்ளின் வாங்கிக் கூட்டைப் பிரித்துப் பொடியைக் காயத்தில் தூவுவார்கள். "ரெண்டா குடுங்க மாமா, ஒண்ணு முழுங்குறதுக்கு" என்று கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. வெந்நீர் சரியான வைத்தியம். திருக்கையின் நஞ்சு சூட்டில் சிதையும். மாத்திரைதான் வம்பு. வலி நின்ற அன்றே மருந்தும் நின்றுவிடும்.

ஆன்டிபயாடிக் மருந்துகள் வேலை செய்யாமல் போகின்றன என்ற பேச்சு வந்தபோதெல்லாம், இந்தப் பெட்டிக்கடையையும் எங்கள் சனத்தின் அறியாமையையும்தான் கைகாட்டினார்கள். பெரிய டாக்டர்கள் வந்தால் எல்லாம் சீராகும் என்று ஊரே நம்பியது.

வந்துவிட்டார்கள். எங்கள் மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நான் வேறோர் ஊரில், ஆய்வகத்தில் கல்ச்சர் தட்டுகளைப் பார்த்தே காலத்தைக் கழித்தவன். சீழிலிருந்து வளர்த்த கிருமியை அகர் தட்டில் பரப்பி, மேலே மருந்து வில்லைகளை வைத்து, எந்த வில்லையைச் சுற்றி எவ்வளவு தெளிந்திருக்கிறது என்று மறுநாள் அளப்பது என் வேலை. வில்லையின் விளிம்பு வரை கிருமி மண்டியிருந்தால் அந்த மருந்து உதவாது. அந்தத் தெளிந்த வட்டங்கள் சுருங்கிக்கொண்டே போனதைக் கண்ணால் பார்த்தேன். சாம்பிளோடு வந்த சீட்டுகளில் இருந்த பெயர்கள் மெரோபெனம், பைப்பராசிலின்-டாசோபாக்டம், கொலிஸ்டின். எந்தப் பெட்டிக்கடையும் இவற்றை விற்றதில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதி, ஊசியாக ஏற்றியவை. சாம்பிளோ, பெரும்பாலும் இரண்டு மருந்து தோற்ற பிறகுதான் எங்களிடம் வரும்.

2010இல் என்.டி.எம்-1 பற்றி 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. மெரோபெனம் போன்ற மருந்துகளையே உடைத்துப்போடும் நொதிதான் என்.டி.எம்-1. சென்னை நோயாளிகளின் கிருமிகளிலும் இருந்தது. 2012 ஆகஸ்ட் 24 அன்று சென்னையில் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடின. டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்த அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான் 'சென்னைப் பிரகடனம்'. சீட்டில்லாமல் மருந்து விற்பதை ஒரே நாளில் தடுக்க முடியாது, படிப்படியாகச் செய்வோம் என்றது. டாக்டரே எட்டாத ஊர்களை மனத்தில் வைத்துச் சொன்ன வார்த்தை அது. கரையோரத்துக்காரனாக எனக்கு அது பெரிய ஆறுதல். இளநிலை, முதுநிலை மருத்துவப் பாடத்திட்டங்களில் ஆன்டிபயாடிக் பயன்பாட்டைச் சேர்க்க வேண்டும் என்றும் அது கேட்டது.

ஆனால் கடைக்குத்தான் கடிவாளம் முதலில் வந்தது. 2014 மார்ச் முதல் மருந்து விதிகளில் எச்-1 அட்டவணை: உறையில் சிவப்புக் கட்டம், விற்பனைக்குக் கடையில் பதிவேடு, அதை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். எழுதும் பேனாவைக் கேட்பது யார்? அறுவை சிகிச்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சுத்தமான அறுவைகளுக்கு, கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் ஒரு டோஸ் போதும். 24 மணி நேரம் தாண்டினால் பலன் கூடாது, கிருமிதான் பழகிக்கொள்ளும். இருந்தும் தையல் பிரிக்கும்வரை ஊசி ஓடுகிற வார்டுகள் உண்டு. ஆனால் ஏற்றுமதிக்குப் போகும் பண்ணை இறாலில் ஆன்டிபயாடிக் எச்சம் இருக்கிறதா என்று அறுவடைக்கு முன்பே பரிசோதிக்கிறார்கள். அந்த இறாலுக்குக் கிடைக்கும் விசாரணை அதை வளர்த்துப் பிடித்தவனின் மருந்துச் சீட்டுக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஏன் ஆன்டிபயாடிக் எழுதுகிறீர்கள் என்ற காரணத்தையும் சீட்டிலேயே குறிப்பிடுங்கள் என்று மருத்துவக் கல்லூரி டாக்டர்களுக்கு மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் கடிதம் எழுதியது 2024 ஜனவரியில்தான்.

ஆக, எழுதுகிற டாக்டர்களுக்குத்தான் பயிற்சி வேண்டும். பயிற்சி என்று நான் கேட்பது மேடைப் பேச்சை அல்ல. முதல் ஊசிக்கு முன் கல்ச்சர் எடுப்பது, 48 மணி நேரத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்தைக் குறைப்பது அல்லது நிறுத்துவது, இதை வார்டில் பேராசிரியர் செய்துகாட்டுவது. கடல் காயத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை. விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி புகுந்தால் ஓரிரு நாளில் காலையும் உயிரையும் கேட்கும். அதற்குத் தரும் மருந்துகளில் ஒன்று டாக்ஸிசைக்ளின், எங்கள் பெட்டிக்கடை டெட்ராசைக்ளினின் குடும்பமேதான். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற இன்னொரு கிருமியோ வாரக்கணக்கில் ஆறாத புண்ணாகக் கிடக்கும். வழக்கமான 37 டிகிரியில் வைத்தால் தட்டில் சரியாக வளராது, 30 டிகிரி வேண்டும். நோயாளி கடலுக்குப் போகிறவர் என்று டாக்டர் எழுதினால்தான் ஆய்வகம் அப்படி வைக்கும். எனக்கு வந்த சீட்டுகளில் தொழில் என்ற இடம் அநேகமாகக் காலியாகவே இருக்கும். எம்.எஸ். தேர்வுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் ஒரு மீனவரின் கால் புண்ணைக் காட்டி, மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன், ஆய்வகச் சீட்டை நிரப்பச் சொல்ல வேண்டும்.