பழுவூர் இளையராணி எங்கே?

கீழப்பழுவூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, "அண்ணே, நந்தினி அரண்மனைக்கு எப்படிப் போகணும்?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டால் டீக்கடைக்காரர் என்ன சொல்வார்? "அரண்மனை இல்ல தம்பி, கோயில்தான் இருக்கு. டீ போடட்டா?"

மாணவர்மேல் தப்பில்லை. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்ததிலிருந்து பழுவூர் என்றாலே அந்தக் கதையின் இளையராணி நந்தினிதான். 2022இல் அவளுக்கு ஐஸ்வர்யா ராயின் முகமும் கிடைத்துவிட்டது.

கதையில் ஆளை மறைக்க, அதை எழுதிய கல்கிக்கு மந்திர மை தேவைப்படவில்லை. ஒரு மூடுபல்லக்கு போதும். உள்ளே இளையராணி என்று ஊரே ஒதுங்கி நிற்க, சோழ இளவரசர் மதுராந்தகர் சொகுசாகச் சதிக்கூட்டத்துக்குப் போய்ச் சேர்கிறார். அறுபத்து நான்கு விழுப்புண் பட்ட அவள் கணவர் பெரிய பழுவேட்டரையர் கூடவே வரும்போது திரையை விலக்கிப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? கதாநாயகன் வந்தியத்தேவனுக்கு வந்தது. குதிரையைப் பல்லக்கின்மேல் விட்டுவிட்டு, பல்லக்குதான் குதிரையை இடித்தது என்று கூச்சல் போட்டான். அரியலூர்ச் சாலையில் சிமெண்ட் லாரியோடு உரசிய பைக்காரர்கள் இன்றும் இதே நியாயத்தைத்தான் பேசுகிறார்கள்.

கதையில் ரவிதாசன் மந்திரவாதி. உடையார்குடிக் கல்வெட்டிலோ, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளில் ஒருவன். அங்கே மண்டையோடு இல்லை, நிலக் கணக்குதான் இருக்கிறது. பாவக் கதை வேண்டுவோர் சம்பந்தர் பாடிய கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலுக்கே போகலாம்: தாயைக் கொன்ற பாவம் தீரப் பரசுராமர் இங்கு வந்தார் என்கிறது தலபுராணம்.

மறைந்துபோகும் சாபம் உண்மையில் பிடித்தது வேறொருத்தியை. நந்தினி கல்கியின் கற்பனை. பழுவேட்டரையர் வீட்டுப் பெண்களோ நிஜமாகவே சோழர் அரண்மனைக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். முதலாம் பராந்தகன் மணந்த இளவரசி, அரிஞ்சயனின் தாய், அன்பில் செப்பேட்டில் இருக்கிறாள். ராஜராஜனின் தேவியரில் ஒருத்தியான பஞ்சவன்மாதேவியும் பழுவூர்ப் பெண்தான். மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று எழுதிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் இடிக்கும்: அந்த மாற்றாந்தாய்க்குப் பள்ளிப்படைக் கோயில், அதாவது சமாதிக் கோயில், எழுப்பியவன் ராஜராஜனின் மகன் ராஜேந்திரன். பாலகுமாரன் 'உடையார்' நாவலில் அவளுக்குத் தாராளமாக இடம் கொடுத்தார். ஆனாலும் நந்தினிக்குக் கூடும் கூட்டம் அவளுக்கு இல்லை.

பள்ளிப்படை இருப்பது பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில், ராமநாதன் கோயில் என்ற பெயரில். பட்டீஸ்வரம் வருகிறவர்களில் பெரும்பாலோர் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கேற்றிவிட்டுக் கும்பகோணம் பஸ்ஸில் சீட் பிடிக்க ஓடுகிறார்கள்.