பாலக்காட்டுக் கணவாயின் டிராஃபிக் ரிப்போர்ட்

தங்கள் வெப்சைட்டுக்கு நாலு பேர் வரமாட்டார்களா என்று லிங்க்ட்இன்னில் தவம் கிடக்கிறவர்கள் மதுக்கரையைப் பார்த்துப் பொறாமைப்படலாம். கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு போகிற வழியில் இந்த ஊர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. டிராஃபிக் தானாக வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில்தான் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைப் பிளந்து வைத்திருக்கிறது. மழைக்காற்று, மிளகு, படை, ரயில், சிமெண்ட் லாரி, யானை எதுவானாலும் இதற்குள் நுழைந்தால்தான் அந்தப் பக்கம் போக முடியும். இரண்டாயிரம் வருஷமாக விளம்பரச் செலவே கிடையாது.

வந்தவன் எங்கிருந்து வந்தான், யார் சொல்லி வந்தான், வாங்கினானா, வேடிக்கை பார்த்துவிட்டுப் போனானா? இதை ஒழுங்காகக் கணக்கெழுதியவர்கள் மட்டும் மிகச் சொற்பம். மற்றவர்களெல்லாம் கூட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதோடு சரி.

முதலில் ரோமாபுரி. மலையாளக் கரையில் முசிறியில் கப்பலை விட்டு இறங்கிய ரோமானியச் சரக்குகள் கணவாய் வழியாக வெள்ளலூர், கொடுமணல், கரூர் என்று கிழக்கே போயின. வெள்ளலூர் மண்ணுக்குள்ளிருந்து அகஸ்டஸும் டைபீரியஸும் வெள்ளிக்காசில் பக்கவாட்டு முகத்தோடு கும்பலாக வெளியே வந்திருக்கிறார்கள். புரொஃபைல் போட்டோ என்றால் அதுவல்லவா புரொஃபைல் போட்டோ! இன்றைய பாஷையில் இம்ப்ரெஷன் ஏராளம். அதைப் பார்த்து ரோமுக்குக் கிளம்பியவர்கள் எத்தனை பேர்? இந்திய ராஜா ஒருவர் அகஸ்டஸுக்குப் பரிசும் தூதும் அனுப்பினார் என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். எந்த ராஜா? பாண்டியன் என்கிறார், போரஸ் என்றும் சிலர் சொல்கிறார்கள் என்று கூடவே ஒரு வாலையும் ஒட்டுகிறார். பெரிய இடத்து லீட் ஒன்று வருகிறது, அதற்கே சோர்ஸ் குழப்பம். மார்க்கெட்டிங் ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் அன்றைக்கே அப்படித்தான்.

ரோமில் கணக்குப் பார்த்தவர் மூத்த பிளினி. வருஷா வருஷம் 5 கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சிக்கொண்டு போகிறது என்று புலம்பி எழுதிவைத்தார். எந்த முதலாளியும் மார்ச் 31ஆம் தேதி அவர் மாதிரித்தான் புலம்புகிறார். பணம் போனது தெரியும், நிறுத்த வழி தெரியாது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது எல்லோரும் எதிர்த் திசையில் ஓட, இவர் மட்டும் விவரம் சேகரிக்கவும் ஆட்களைக் காப்பாற்றவும் கப்பலை அதன் பக்கமே விடச்சொல்லிப் போய் உயிரை விட்டார். டேட்டா பைத்தியம் யாரையும் சும்மா விடாது.

நம் ஆட்கள் சத்தமில்லாமல் இதைவிட நல்ல காரியம் செய்தார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது, மணி செய்கிற பட்டறைகளோடு, தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. என் பானை, என் பெயர். அவ்வளவுதான் அவர்கள் எண்ணம். இதே பழக்கம் கடல் தாண்டியது. எகிப்தில் செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கணன், சாதன் என்று தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய ஓடுகள் அகப்பட்டன. கணன் என்ன விற்றார், சாதனுக்குக் கடன் எவ்வளவு, ஊருக்குத் திரும்பினார்களா, ஒன்றும் தெரியாது. எந்தப் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள் என்பது மட்டும் இரண்டாயிரம் வருஷம் கழித்தும் தெரிகிறது. ஒரு டேக் செய்யவேண்டிய வேலை அதுதானே!

அடுத்து சோழர்கள். தான் யார், எதையெல்லாம் ஜெயித்தேன் என்பதை ஒரே வாசகமாகத் தயாரித்து, கல்வெட்டின் தலையில் ஒட்டுகிற மெய்க்கீர்த்தி வழக்கத்தை நிலைநிறுத்தியவர் முதலாம் ராஜராஜன். ஜெயிக்க ஜெயிக்க அப்டேட் வேறு. மகன் ராஜேந்திரன் காலத்தில் அது கங்கை, கடாரம் என்று நீண்டு, ‘மேலும் படிக்க’ பட்டன் ஒன்றுதான் பாக்கி. இந்த வீராப்பையெல்லாம் கடந்து கல்லின் அடிப்பக்கம் வந்தால் விஷயம் இருக்கும்: இன்னார், இந்தக் கோயிலில், ஒரு நந்தா விளக்கு எரிக்க, 96 ஆடு கொடுத்தார். அந்த ஆடுகளுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பட்டம். ஆடு சாகலாம், எண்ணிக்கை சாகக் கூடாது. நெய் அளந்தாக வேண்டும். மேலே புரொஃபைல், கீழே கணக்கு என்று சோழர்கள் தெளிவாக இருந்தார்கள். இன்றைக்கு லிங்க்ட்இன்னில் மேலே ‘தொலைநோக்குத் தலைவர், மாற்றத்தின் தூதர்’ என்று மெய்க்கீர்த்தி குறைவில்லாமல் இருக்கிறது. கீழே ஆட்டைத்தான் காணோம்.

வணிகர்களும் சளைத்தவர்களல்ல. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெருங்குழு தங்கள் கல்வெட்டுகளில் அடித்துக்கொண்ட தம்பட்டம் ராஜாக்களையே கூச வைக்கும். ஆனாலும் சுமத்ராவில் பாருஸ் வரை போய் 1088இல் தமிழில் கல் நட்டவர்கள். தம்பட்டத்துக்குக் கீழே சரக்கு இருந்தது.

அதே காலத்துச் சோழ ராஜா முதலாம் குலோத்துங்கன் சுங்கத்தை எடுத்துவிட்டு, ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் வாங்கினார். ஜனங்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் எத்தனை பொதி வந்தது, எந்தத் திசையிலிருந்து வந்தது என்று எண்ணிக்கொண்டிருந்த ஒரே ஜீவன் சுங்கச்சாவடிக்காரன்தான். வரியைத் தூக்கினால் எண்ணுகிறவனையும் சேர்த்தல்லவா தூக்கிவிடுகிறோம்! 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து மாநில எல்லை வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டபோது வாளையாரில் லாரிக்காரர்கள் பெருமூச்சு விட்டதும் இதே ரகம்.

ஹைதர் அலி 1766இல் பாலக்காட்டில் கோட்டை கட்டினார். அவர், மகன் திப்பு, கும்பினிக்காரர்கள் எல்லாரும் கணவாயில் மாறி மாறிப் படை நடத்திய காலத்தில் டிராஃபிக் உச்சத்தில் இருந்தது. யாரும் எதையும் விலை கேட்டு வாங்கியிருக்க மாட்டார்கள். திப்பு விழுந்த மறு வருஷம், 1800இல், கும்பினியின் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பி பிரான்சிஸ் புக்கானன் வந்தார். மண் என்ன நிறம், என்ன விதைக்கிறாய், தறி எத்தனை என்று வழியெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே கோயமுத்தூரைத் தாண்டி மலையாளம் போனார். 1807இல் அதை மூன்று தொகுதிகளாக அச்சிட்டார்கள். வந்து எல்லாவற்றையும் துருவிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவருக்கு இன்றைய பெயர் ‘பாட்’.

1860களில் ரயில், 1930களில் சிமெண்ட் ஆலை. மதுக்கரையையே தேடிக்கொண்டு டிராஃபிக் வந்தது அந்த ஆலைக்குப் பிறகுதான்; காரணம் மண்ணுக்குள் சுண்ணாம்புக்கல் இருந்தது. சரக்கு இருந்தால் ஆள் வருவான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பிறகு நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை பைபாஸ் போட்டார்கள். வண்டி எண்ணிக்கை எகிறியது, டீக்கடைக் கல்லா அப்படியே கிடந்தது. இதற்கு ‘பவுன்ஸ் ரேட்’ என்று பெயர் வைத்துச் சம்பளம் வாங்க ஆட்கள் பின்னால்தான் வந்தார்கள்.

2003 மே மாதம் அமெரிக்காவில் லிங்க்ட்இன் கடை திறந்தது. அங்கேயே சான் டியாகோவில் அர்ச்சின் என்றொரு சிறு கம்பெனி வெப்சைட்டுக்கு வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தது. 2005இல் கூகுள் அதை வாங்கி கூகுள் அனலிட்டிக்ஸ் ஆக்கியது. அர்ச்சின் பெயர் மறைந்தாலும் அதன் முதலெழுத்து மட்டும் யுடிஎம் என்ற டேக்கில், லிங்க்குகளின் வாலில், இன்னும் தொங்குகிறது. லிங்க் முடிகிற இடத்தில் ஒரு கேள்விக்குறி, அதன் பின் சோர்ஸ், மீடியம், காம்பெய்ன் என்று மூன்று விவரம். சாதன் பானையில் கீறியதுதான், கொஞ்சம் நீளம்.

குறிச்சி சிட்கோவில் ஒரு பம்ப் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி முதல் சர்வீஸ் இன்ஜினியர் வரை எல்லார் லிங்க்ட்இன் புரொஃபைலிலும் கம்பெனி வெப்சைட் லிங்க் மொட்டையாக இருக்கிறது. மாசக் கடைசியில் முதலாளி கூப்பிடுகிறார்.

“ஏனுங் தம்பி, வெப்சைட்டுக்கு ஆரு சொல்லி வாராங்கன்னு பாத்தீங்களா?”

“முக்காவாசி டைரக்டுங்கண்ணா.”

“டைரக்டுன்னா ஆருங்க?”

“தெரியாதுங்கண்ணா. தெரியாததுக்குத்தானுங்க டைரக்டுன்னு பேரு.”

தம்பி சொன்னது முழு உண்மை. செல்போன் ஆப்பிலிருந்து தட்டி வருகிற பலருடைய பூர்வீகம் வழியிலேயே தொலைந்துபோகும். டேக் இல்லாதவர்களை அனலிட்டிக்ஸ் ‘டைரக்ட்’ என்ற தர்மசத்திரத்தில் படுக்கப்போட்டுவிடும். சரி என்று டேக் போட்டார்கள். முதலாளி லிங்க்கில் பெரிய எல், மேனேஜர் லிங்க்கில் சின்ன எல், டிசைனர் நடுவில் ஒரு கோடு. அனலிட்டிக்ஸுக்கு மூன்றும் மூன்று வேறு ஆசாமிகள். ரிப்போர்ட்டில் ஒரே லிங்க்ட்இன் மூன்று வரிசையில் பங்காளிகள் மாதிரி தனித்தனியாக நின்றது. அதில் முதல் வரிசையைக் கிளறினால் வந்தவர்களில் பெரும்பாலோர் கோயமுத்தூர், காலை பத்து மணிவாக்கு: நம் ஆபீஸ் பிள்ளைகள்தான், முதலாளி போட்ட போஸ்டை விசுவாசமாகத் தட்டியிருக்கிறார்கள்.

இதே மதுக்கரையில் துல்லியமாக எண்ணப்படுகிற டிராஃபிக் ஒன்று உண்டு. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. அதன் பிறகு வனத்துறை ரூ. 7.24 கோடியில் தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்கள் நிறுத்தி, 24 கேமராக்கள் பொருத்தி, 2024 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பைத் தொடங்கியது. யானை எந்த இடத்தில், எத்தனை மணிக்கு வந்தது என்று உடனுக்குடன் செய்தி போகிறது. யானைக்கு லிங்க்ட்இன் கணக்கு கிடையாது, ஹெட்லைன் கிடையாது, டேட்டா சுத்தம்.

மதுக்கரை, குறிச்சி, போத்தனூர் வட்டாரத்துத் தொழில்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஏழு கோடி வேண்டாம், கோபுரம் வேண்டாம். ஒவ்வொரு புரொஃபைல் லிங்க்குக்கும் தனித்தனி டேக் போடுங்கள், முதலாளிக்கு ஒன்று, சர்வீஸ் இன்ஜினியருக்கு ஒன்று, எல்லாமே சின்ன எழுத்தில். போனில் என்கொயரி வந்தால் யார் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு ரிஜிஸ்டரில் எழுதச் சொல்லுங்கள். முக்கியமாக, உங்கள் போஸ்டைத் தட்டச் சொல்லி ஆபீஸ் பிள்ளைகளைப் படுத்தாதீர்கள். அவர்கள் ஒருநாளும் பம்ப் வாங்கப்போவதில்லை.