மருமவன் கொண்டாந்த மிஷினு

ஏல மருமவனே, ஓட்டப்பிடாரம் கரிசல்ல நாலு கம்பியை வரிசையா ஊணிட்டு பெட்டியவே பாத்துட்டு நிக்கியே, மண்ணு எதும் பேசுச்சா? வெளிக்கம்பி ரெண்டுல கரண்டை விட்டு, உள்கம்பி ரெண்டுல வோல்ட்டு பாக்கணுமாம். தோண்டாமலே அடிமண்ணு இறுக்கத்தைச் சொல்லிப்புடுமாம்லா. நல்லதுதான். எங்கய்யா காலத்துல முத்துக்குளிக்க முன்ன சிப்பியை ஆயிரக்கணக்குல அள்ளி, அழுக வச்சு, உள்ள தேறுத முத்தை எண்ணித்தான் சிப்பி கிடக்குத கடல்பாருக்கு விலை மதிப்பாவ. பாத்த சிப்பி செத்த சிப்பி. 1961-ஓட அந்தக் குளிப்பும் நின்னு போச்சு. உன் மிஷினுக்கு அந்தப் பாவம் இல்ல.

ஆனா ஒண்ணு. களி நனைஞ்சிருந்தா கரண்டு சுளுவா ஓடும். உப்பு சேந்தா கேக்கவே வேண்டாம். பெட்டியை வேப்பலோடை உப்பளத்தை ஒட்டுன காட்டுல வையி, அது உப்பைச் சொல்லுதா இறுக்கத்தைச் சொல்லுதான்னு கண்டுபிடி பாப்போம். மண்ணுக்குள்ள பாக்குத ரேடாரைக் கொண்டாந்தாலும் உப்பும் ஈரக்களியும் அலையை முழுங்கிரும். உப்பளத்துல தண்ணி கீழ இறங்கப்படாதுன்னு பாத்தியைக் கூலிக்கு ஆள் வச்சு மிதிக்காவ. நீ கூலியே இல்லாம உளுந்துக்காட்டை அப்படி ஆக்கி வச்சிருக்க, கெட்டிக்காரன்தான்.

கூம்புமுனைக் கம்பியை அமுக்கிப் பாக்க கருவியும் இருக்கு, விரல் மொத்தத் துளையோட போச்சு. சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல அமுக்கம் கேட்டா வேரு இறங்கத் திணறுமாம். அதைச் சித்திரை வெயில்ல குத்துனா கரிசல் பூராவும் பாறைன்னு காட்டும். மழை பேஞ்சு ரெண்டு மூணு நாள் ஆறவிட்டுக் குத்து. ஈரத்தையும் கூடவே எழுது. டிராக்டர் தடத்துல குத்துனதை, வண்டி ஏறாத வரப்போரத்தோட ஒப்பிட்டுப் பாரு.

இன்னொரு கருவி நம்ம கிட்டயே கிடக்கு. பருத்திமாரு பிடுங்குதாவல்லா, விறகுக்குக் கட்டுமுன்ன ரெண்டைத் தூக்கிப் பாரு. ஆணிவேரு ஒரு சாண் ஆழத்துல சட்டுனு மடங்கிப் பக்கவாட்டுல ஓடியிருந்தா, இறுக்கம் அந்த ஆழத்துலதான். எப்படியும் பிடுங்குத செடி, சார்ஜ் ஏத்தவும் வேண்டாம். பெட்டியும் வேரும் ஒரே ஆழத்தைச் சொன்னா உளிக்கலப்பைக்குச் சொல்லு. அரை மீட்டர் இடைவெளி விட்டு, மண்ணு காஞ்சிருக்கையில இழுக்கணும். ஈரத்துல இழுத்தா உடையாது, கீறிட்டுப் போவும். கரிசல் கோடையில தானா வெடிச்சுக் கொஞ்சம் பிழைச்சுக்கிடும்தான், அதுக்குன்னு எல்லாத்தையும் அது தலையில கட்டாத.

இப்பச் சொல்லு, போன ஐப்பசில மக்காச்சோளத்துக்கு அவசரப்பட்டு, சொதசொதன்னு கிடந்த காட்டுல டிராக்டரை இறக்குனது யாரு? பெட்டியைப் பாக்காதல, என்னையப் பாரு.