தடைக்குத் தடை

ஆந்திராவிலிருந்து வரும் பேருந்தைக் கஞ்சா தேடி எளாவூர் சோதனைச் சாவடியில் நிறுத்தினால், கும்மிடிப்பூண்டிக்கு ஷிஃப்டு வேலைக்குப் போகிறவரின் டிபன் பாக்ஸுக்குக்கூட விடுதலை இல்லை. கஞ்சாவுக்கு இப்படி ஓர் எல்லைச் சாவடியாவது உண்டு. குட்கா உள்ளூர்க்காரர் மாதிரி.

தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்தது 2013இல். 2016இல் எளாவூர் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்துச் செங்குன்றம் கிடங்கு வரை சோதனை நடந்தது. போனவர்கள் போதையைத் தேடிப் போகவில்லை. வருமான வரியைத் தேடிப் போனார்கள். யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதிய டைரி சிக்கியதாகச் சொன்னார்கள். தடைசெய்த சரக்குக்கு அத்தனை ஒழுங்கான கணக்கு! (எங்கள் தெரு மளிகைக் கடையில் துண்டுச் சீட்டுதான்.)

2017இல் எதிர்க்கட்சியினர் குட்கா பாக்கெட்டுகளைச் சட்டமன்றத்தில் தூக்கிக் காட்டினார்கள். உரிமை மீறல் நோட்டீஸ் பாய்ந்தது, காட்டிய 21 பேர் மீது. விற்றவர் உறுப்பினர் இல்லையே, அவருக்கு எப்படி அனுப்புவது?

2023 ஜனவரியில் தடை உத்தரவு செல்லாது என்றது உயர் நீதிமன்றம். ஏப்ரலில் அந்தத் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. இப்போது எந்தத் தடை அமலில் இருக்கிறது என்று கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வாசல் பெட்டிக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

"எத்தனைண்ணே வேணும்?"