மூதூர் போய்வந்த மருமகன்

திருகோணமலை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாமாவுக்கு மருமகன் எழுதிக்கொண்டது.

"வெளிநாட்டில் என்னதான்டா பார்த்தாய், தெருவில் கேட்கிறார்கள்" என்று போனில் அலுத்துக்கொண்டீர்கள். தெருவுக்குச் சொல்லும்படி என்ன எழுதுவது என்பதுதான் என் சங்கடமும். பனி கொட்டவில்லை. கடைப்பலகையில் தமிழ், பஸ்ஸில் இளையராஜா, மூலைக்கு மூலை பிள்ளையார். ஒரு வித்தியாசம் உண்டு. மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழத் தோலை மாடு தின்னும். இங்கே புள்ளிமான் தின்கிறது. இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

வேலை சீனக்குடா எண்ணெய்த் தொட்டிகளில். வெள்ளைக்காரன் காட்டுக்குள் கட்டிவைத்தது, 99 இருக்கின்றன. 1942 ஏப்ரலில் ஒன்றின் மேல் ஜப்பான் விமானம் விழுந்து ஏழு நாள் எரிந்ததாம். இதை மாமியிடம் சொல்ல வேண்டாம்.

இன்று லீவு. கூட வேலை பார்க்கும் பையனின் மோட்டார் சைக்கிளில் மூதூர் கிளம்பினோம். வழியில் கிண்ணியாப் பாலம், 396 மீட்டர். முன்பெல்லாம் வண்டியை மிதவையில் ஏற்றித்தான் கடக்க வேண்டுமாம். பாலம் திறந்ததும் யுத்தம் முடிந்ததும் ஒரே வருஷம், 2009. அதற்கு ஐந்து வருஷம் முன்னால் சுனாமி வேறு இந்தக் கரையைப் புரட்டியிருக்கிறது. யாரும் தானாக அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நானும் கேட்கவில்லை.

பாலம் தாண்டியதும் தயிர்க்கடை. எருமைத் தயிர், மண்சட்டியில். கடைக்காரக் காக்கா (இங்கே அண்ணன் என்று அர்த்தம்) சட்டியை என் தலைக்கு நேராகவே கவிழ்த்துக் காட்டினார். நான் குனிந்தேன், தயிர் அசையவில்லை. அதைக் கரண்டியால் வெட்டித் தட்டில் வைத்து, மேலே கித்துள் பாணியை, அதாவது ஒருவகைப் பனைப் பாகை, கறுப்பாக ஊற்றித் தருகிறார். தயிரில் இனிப்பா என்று முகம் சுளித்தவன், அரைச்சட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். விலையைக் கேட்டதும் நெஞ்சை அடைத்தது. நம் ஒரு ரூபாய் இங்கே மூன்று ரூபாய்க்கு மேல் என்று ஞாபகம் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. "இந்தியாவா? இருங்க தம்பி, காசு பிறகு பார்ப்பம், தேத்தண்ணி குடிங்க" என்றார்.

அப்புறம் மகாவலி. மலையில் பிறந்து 335 கிலோமீட்டர் ஓடிவந்து இங்கேதான் கடலில் சேர்கிறது. கடைமடையிலும் ஆற்றில் தண்ணீர், மாமா! எந்த முதலமைச்சரும் யாருக்கும் கடிதம் எழுதவில்லை, எந்த ஆணையமும் கூடவில்லை. பாலத்தில் வண்டியை நிறுத்தி வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூட வந்தவன், ஆற்றையே பார்த்திராதவனோ என்று நினைத்திருப்பான். மேட்டூர் திறந்தாச்சா?

மூதூர் சின்ன ஊர்தான். கடைத்தெரு, பள்ளிவாசல், கோயில், இறங்குதுறை, முடிந்தது. ஆனால் சரித்திரம் பலமாக இருக்கிறது. 1659-ல் புயலில் பாய்மரம் போன ஓர் ஆங்கிலக் கப்பல் இந்தக் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. கரையிறங்கிய கப்பல் தலைவன் ராபர்ட் நாக்ஸையும், அதே பெயர் வைத்த மகனையும், அடுத்த வருஷம் கண்டி ராஜாவின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். புளியமரத்தடியில் பிடித்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. அப்பன் சிறையிருப்பிலேயே செத்தான். மகன் தொப்பி பின்னி விற்றுக் காலம் தள்ளி, 19 வருஷம் கழித்துத் தப்பினான்; 1681-ல் லண்டனில் புத்தகமும் போட்டுவிட்டான். நானும் ஊர் பார்க்கத்தான் போனேன், எந்தப் புளியமரத்தடியிலும் உட்காரவில்லை என்று அம்மாவிடம் சொல்லவும்.

நீங்களே ஒருமுறை வந்து பார்த்துவிட்டால் தெருவுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளலாம். கப்பல் ஓடுகிற நாளாகப் பார்த்து நாகப்பட்டினத்தில் ஏறினால் காங்கேசன்துறை, அங்கிருந்து பஸ். எந்த வீட்டுப் படியேறினாலும் இங்கே தேத்தண்ணிதான், ஆகவே வரும்போது காபித்தூள் ஒரு கிலோ எடுத்து வரவும். சிக்கரி கம்மியாக.

இப்படிக்கு,
மருமகன்